அந்தரங்கன் அறிந்த மேலிடம்

லிந்துலை,
1963, கார்த்திகை மாதம்,
மழை விடாத ஒரு சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர்களும், பத்திரிகைக் கட்டுகளை ரயிலில் ஏற்றிவிடும் தொழிலாளரும் சளி, காய்ச்சல் எதுவுமின்றிச் சுகமாக இருக்கும்படி முதலில் எங்கள் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள், மழையும் அட்டையும் போக, மற்றபடி சுகமே.

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். நாடு சுதந்திரம் பெற்ற வருடத்தில் தொடங்கிய மௌனம் இது. அதற்குப் பிறகு அரசாங்கங்கள் மாறின, மந்திரிகள் மாறினார்கள், எங்கள் பாடசாலைக் கூரையில் ஒழுகும் இடங்கள்கூட மாறின. என் மௌனம் ஒன்றுதான் மாறாமல் இருந்தது. இனியும் பேசாமல் இருந்தால், என் கையாலேயே அந்த மனிதனுக்கு மாலை போடவைத்துவிடுவார்கள். மாலை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் எழுதவந்தது தங்கள் பத்திரிகையில் ஞாயிறுதோறும் வெளிவரும் ‘அந்தரங்கன் அறிந்தது’ என்ற அரசியல் பத்தியைப் பற்றியும், அதை எழுதும் திரு. கணேசமூர்த்தி அவர்களைப் பற்றியும். தங்களுக்கு அவர் மந்திரிமாரின் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர். எனக்கு அவர் என் தங்கை புருஷன். என் ஒரே மகள் ஆசிரியர் கலாசாலைக்குப் போவதும் போகாமல் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நின்று மழை பார்ப்பதும் இவருடைய ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்று என் வீட்டார் உறுதியாக நம்புகிறார்கள். ஆகையால் இது ஏதோ பொழுதுபோகாதவன் எழுதும் புகார் என்று தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாது.

அட்டனிலே மிஷன் பாடசாலையில் அவரும் நானும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தோம். தமிழிலும் சரித்திரத்திலும் வகுப்பில் முதலாவதாக வந்தவன் நான். அவர் எதிலாவது முதலாவதாக வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டவர் அவர்தான். பரிசு வாங்கிய என்னுடைய முழங்கை மட்டும் அந்தப் படத்தில் தெரிகிறது. படிப்பு முடிந்து நான் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தலைமையாசிரியனும் உதவியாசிரியனும் மணியடிப்பவனும் ஒருவனேயாக அமர்ந்தேன். அவர் கொழும்புக்குப் போய்த் தங்கள் பத்திரிகையில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். பிழை திருத்தியவரைப் பிழை செய்பவராக எப்போது பதவி உயர்த்தினீர்கள் என்று எனக்குத் தெரியாது. நாடு சுதந்திரம் பெற்ற அந்த வருடம், ஒரு மந்திரி விலகப்போகிறார் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினார், அந்த வாரமே மந்திரி விலகினார், மறு ஞாயிறு முதல் நம் கணேசமூர்த்தி ‘அந்தரங்கன்’ ஆகிவிட்டார், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு ‘மேலிடம் நம்மிடம் தெரிவித்தது’, ‘மேலிட வட்டாரங்கள் கருதுகின்றன’ என்று ஒரேயடியாக மேலிடம்தான். பிறகு என் தங்கை அம்மாக்கண்ணுவைக் கட்டினார். கொழும்பில் பெரிய மனிதர்களிடம் அவளைக் ‘கண்மணி’ என்று அறிமுகம் செய்கிறார். முதல் தடவை அதைக் கேட்டபோது இன்னொருத்தியையும் கட்டிவிட்டார் என்று நினைத்து நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தங்கள் பத்திரிகை ஞாயிறு காலையில் தலவாக்கலையில் இறங்கி, பஸ் ஏறி, மத்தியானத்துக்கு எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் செல்லசாமியின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேருகிறது. ஒரே ஒரு பிரதி. வாங்குபவர் செல்லசாமி, வாசிப்பவன் நான், கேட்பது தோட்டம் முழுவதும். எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை இன்னொரு பக்கமுமாகப் போகும் அந்தரங்கனுடைய வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து, இரண்டையும் நான் சேர்த்துவைப்பதால்தான் கேட்பவர்களுக்கு அர்த்தம் கிடைக்கிறது. அவருடைய புகழில் சரிபாதி என் தொண்டையில் விளைந்தது. அதற்கு எனக்குக் கிடைக்கும் மரியாதையைக் கேளுங்கள்.

‘வாத்தியாரய்யா, மொதல்ல நம்ம கணேசு எழுதுனதப் படிங்க. வெள்ளம், வெபத்தெல்லாம் எங்கயும் ஓடிப் போவாது’ என்பார் செல்லசாமி.

‘மந்திரிக்கிட்ட ஒக்காந்து சோறு திங்கிறாராம்ல’ என்பாள் பேச்சியம்மா. எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள்; காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளையையே வாயடைக்க வைப்பவள். ‘நீங்களுந்தான் அவரோட ஒண்ணாப் படிச்சீங்க. ஒங்கள மட்டும் ஏஞ்சாமி ஒரு மந்திரியும் சோத்துக்குக் கூப்புடல?’

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். வேறென்ன செய்ய?

அவர் எழுதியவை நடந்தனவா என்று தாங்கள் என்றாவது பார்த்ததுண்டா? ஐம்பத்தாறாம் ஆண்டு, தனிச் சிங்களச் சட்டம் வரவே வராது, மேலிடம் நம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிற்று என்று எழுதினார். சட்டம் வந்தது. அடுத்த ஞாயிறு, ‘நாம் முன்னரே எச்சரித்தபடி’ என்று தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ‘பாத்தீங்களா, சொன்ன மாதிரியே நடந்துருச்சு’ என்று தலையாட்டினார்கள். முந்தின வாரத்துப் பத்திரிகையை எடுத்துக் காட்டலாம் என்றால், செல்லசாமி அதில் கருவாடு சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார். தீர்க்கதரிசிகளுக்குக் கருவாட்டைப்போலப் பாதுகாப்பு வேறெதுவும் இல்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடியவை இவை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டு, வேண்டுமானால் மனுச் செய்யுங்கள் என்று இரண்டு வருடத் தவணை கொடுத்தார்களே, அப்போது அந்தரங்கன் எழுதியது எனக்கு மனப்பாடம். ‘யாரும் மனுச் செய்ய வேண்டாம். சட்டமே மாறப்போகிறது என்று மேலிடம் நமக்கு உறுதி கூறியுள்ளது. கையேந்தி வரிசையில் நிற்பது மலையக மக்களின் தன்மானத்துக்கு இழுக்கு.’ தன்மானம் என்ற சொல்லில் குரலை உயர்த்தி நான் வாசித்தேன். கடை முழுவதும் கைதட்டிற்று. லயம் லயமாக மனுவை மறந்து தன்மானத்தோடு கொழுந்தெடுக்கப் போனார்கள். அவர் கிழக்கு என்றால் மேற்கே நடப்பது மிஷன் பாடசாலைக் காலத்திலிருந்தே என் வழக்கம், ஆகவே நான் மட்டும் மனுப் போட்டேன். எனக்குக் கிடைத்தது. என்னிடம் இருக்கும் பிரஜாவுரிமை முழுக்க முழுக்க என் வயிற்றெரிச்சலால் கிடைத்தது. அந்தத் தீபாவளிக்கு வந்த என் தங்கை பலகாரம் சுட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்: ‘அவங்க மொத வாரமே மனுவ எழுதிப் போட்டுட்டாங்கண்ணே. பத்திரிகையில எழுதுறது ஊருக்கு, மனு வீட்டுக்குன்னாங்க.’

எங்கள் பக்கத்து லயத்து அழகம்மா மனுப் போடவில்லை. அவள் புருஷனும் போடவில்லை. இன்று அவர்களுக்கு இந்த நாடும் இல்லை, பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த அந்த நாடும் இல்லை. மூத்த மகனை ரயில்வேயில் எடுக்கவில்லை, ‘நீ யார்?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் இப்போது தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறான். ‘வேணாம்னு நீங்கதானங்க படிச்சீங்க’ என்று பேச்சியம்மா ஒரு நாள் என்னைப் பார்த்துக் கேட்டாள். எழுதியவனை விட்டுவிட்டு வாசித்தவனைக் கேட்பது என்ன நியாயம் என்று அவளுக்கு நிதானமாக விளக்கினேன். அவள் விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி என் மகள் விஷயம். நாகலெட்சுமி எஸ்.எஸ்.சி. தேறியிருக்கிறாள். எங்கள் தோட்டத்தில் அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண்பிள்ளை. ஆசிரியர் கலாசாலைக்குப் போக வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று நிற்கிறாள். கிடைக்காவிட்டால் வீட்டில் வைத்திருக்க முடியாது, பூண்டுலோயாவிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் பெண் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டார். பெண்ணைப் பார்ப்பதைவிட என் பாடசாலைக் கூரையைப் பார்த்து, ‘தகரம் என்ன வெலைக்கு வாங்குனீங்க?’ என்று கேட்பதில் அக்கறையாக இருந்த மனிதர். இந்த நேரத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் திரு. கணேசமூர்த்தி யாருடைய காரிலோ வந்து இறங்கினார். என் மனைவி மீனம்மா கோழியடித்துச் சோறு போட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

‘மச்சான், இதுக்குப் போயி மனுக்கினு போட்டுறாதீங்க’ என்றார் அவர், எலும்பைக் கடித்தபடி. ‘மந்திரி காதுல நான் ஒரு வார்த்தையப் போட்டா முடிஞ்சுது.’

‘மனுவே இல்லாம எப்படி மாப்பிள்ளை?’

‘மனு போட்டா பைலுக்குள்ள போகும். வார்த்தை போட்டா மண்டைக்குள்ள போகும்.’

‘கேட்டுக்கங்க. இதுதான் ஒலகம் தெரிஞ்ச மனுசன் பேச்சு’ என்றாள் மீனம்மா என்னைப் பார்த்து.

மறுநாளே நாகலெட்சுமியும் நானும் உட்கார்ந்து அவள் பெயரில் மனுப் போட்டோம். காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

சித்திரை மாதம் நுவரெலியாவில் சீசன் தொடங்கியது. கொழும்பின் வெயில் தாங்காமல் மந்திரிமாரும் காரியதரிசிமாரும் மலையேறி வந்தார்கள். அந்தரங்கனும் வந்தார். மகளை அழைத்துக்கொண்டு உடனே வரவும், மந்திரியை நேரில் பார்ப்போம் என்று ஆள் அனுப்பினார். நான் என் கல்யாணத்துக் கோட்டை எடுத்து மாட்டினேன். இடுப்பில் பொத்தான் பூட்டாது, ஆனால் கம்பீரமாகத்தான் இருந்தது. நுவரெலியாத் தபாற்கந்தோர் முன்னால் சரிகைச் சால்வையோடு அவர் காத்திருந்தார். குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டி, ஒரு பெரிய விருந்தினர் பங்களாவின் முன்வாசலை அடைந்தோம். அதன் இரும்புக் கதவைத் தாண்டி, மதிலோரமாகத் தொடர்ந்து நடந்தோம்.

‘வாசல் அங்கதான இருக்கு மாமா?’ என்றாள் நாகலெட்சுமி.

‘முன்வாசல்ல சி.ஐ.டி. நிப்பான்மா. நம்மள மாதிரி ஆளுங்கள மந்திரி அந்தரங்கமாத்தான் பாப்பாரு.’

மதில் முடிந்த இடத்தில் வேலி, வேலியில் ஒரு சந்து. அதற்குள் நுழைந்து, மாட்டுக் கொட்டிலைக் கடந்து, விறகுக் குவியலைச் சுற்றிப் போனதும் ஒரு கதவு வந்தது. அது பங்களாவின் சமையற்கட்டு, குசினிக் கதவு. திறந்தவர் பட்லர் செபமாலை. கணேசமூர்த்தி பிறந்த அதே லயத்தில் ஒரு சுவர் தள்ளி அடுத்த காம்பராவில் பிறந்தவர்.

‘வா கணேசு. நல்ல நேரத்துலதான் வந்த. ராத்திரிக்குப் பெரிய விருந்து. வெங்காயம் மலையாட்டம் கெடக்கு.’

தங்கள் பத்திரிகையின் அரசியல் பத்தியாளர் மறுபேச்சில்லாமல் சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழகிய கையால் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். ‘சும்மா நிக்காதீங்க மச்சான், பாக்குறவுகளுக்குச் சந்தேகம் வரும். அந்தப் பட்டாணிய உரிங்க’ என்றார். மிஷன் பாடசாலையில் தமிழுக்கும் சரித்திரத்துக்கும் பரிசு வாங்கிய நான், கல்யாணக் கோட்டோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். நாகலெட்சுமி எதையும் உரிக்க மறுத்துக் கதவோரம் நின்றாள். பிறகுதான் பேட்டி ஆரம்பமாயிற்று.

‘நேத்து எத்தன பேருக்கு மேச போட்ட?’ என்று கேட்டார் அந்தரங்கன்.

‘எட்டுப் பேருக்கு. வந்தது ஏழுதான்.’

‘வராதது யாரு?’

‘அந்த மீசைக்காரரு. வயித்தால போவுதுன்னு கார் டைவர் வந்து சொன்னான்.’

‘வயித்தால போவுதா, இல்ல வர மனசில்லையா?’

‘அது எனக்கெப்புடிப்பா தெரியும்? நானா கூடப் போயிப் பாத்தேன்?’

‘சரி, சரி. சாப்பாட்டுக்கப்புறம் வச்ச புடிங்கு?’

‘அப்புடியே திரும்பி வந்துருச்சு.’

அந்தரங்கனுடைய கை நின்றது. கண்கள் பிரகாசித்தன. ‘தொடவே இல்லியா? ஏழு பேருமா?’

‘சீனி கொறஞ்சுபோச்சு. சமைக்கிற நம்ம அப்பு லீவு, புதுசா வந்தவனுக்குக் கை நிதானமில்ல’ என்றார் செபமாலை.

சீனி குறைந்த விஷயம் அந்தரங்கனுடைய காதில் விழவில்லை. அடுத்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் என்ன வந்தது என்று தங்களுக்கு நினைவிருக்கலாம். ‘ஆளும் தரப்பில் விரிசல். நுவரெலியா விருந்தை முக்கியப் புள்ளி ஒருவர் புறக்கணித்தார். வரவுசெலவுத் திட்டத்தின் இனிப்பான அம்சங்களை எழுவரும் ஏற்க மறுத்துவிட்டதாக மேலிட வட்டாரங்கள் கூறுகின்றன.’

ஐயா, அந்தக் குசினியில் பட்டாணித் தோலை மடியில் வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டேன். இந்த நாட்டின் பெரிய வீடுகளில் சமைப்பவனும் பரிமாறுபவனும் கார் கழுவுபவனும் எங்கள் லயங்களிலிருந்து போனவர்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், யார் தட்டை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பொழுதுபோகச் சொல்வதை இவர் அரசியலாக்கி எழுதுகிறார், தாங்கள் அச்சடிக்கிறீர்கள், நான் உரக்க வாசிக்கிறேன். பதினைந்து வருடமாக இந்த மலைநாடு தன் தலைவிதியை எச்சில் தட்டிலிருந்து தெரிந்துகொண்டிருக்கிறது. அழகம்மாவுக்கு நாடில்லாமல் போனது எந்தப் பாத்திரம் காலியாகத் திரும்பியதாலோ, யார் கண்டது?

இன்னும் முடியவில்லை. உள்கதவு திறந்தது. மந்திரி வந்தார். கழுத்தில் கம்பளி மப்ளர், கையில் வெறும் கிளாஸ். தொண்டை கட்டிவிட்டது, கொப்பளிக்க வெந்நீர் வேண்டும் என்று அவரே தேடிவந்திருக்கிறார். செபமாலை விறைத்து நின்றார். நான் எழுந்தேன், பட்டாணி உருண்டு மந்திரியின் செருப்புவரை போயிற்று. தங்கள் பத்தியாளரும் எழுந்தார். இரண்டு கண்களிலிருந்தும் வெங்காய நீர் தாரை தாரையாக வடிந்தது. மந்திரி அவரை மேலும் கீழும் பார்த்து, இந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.

வார்த்தை போட இதைவிட நல்ல நேரம் வருமா? கணேசமூர்த்தி வாயைத் திறந்தார்.

‘லூனு, சேர்’ என்றார். வெங்காயம் ஐயா, என்று அர்த்தம்.

மந்திரிமாரோடு இத்தனை காலம் தனிமையில் உரையாடிவந்த அந்தரங்கன் ஒரு மந்திரியிடம் பேசியதை நான் என் காதால் கேட்டது இவ்வளவுதான்.

அப்போது என் மகள் கதவோரத்திலிருந்து இரண்டு அடி முன்னே வந்தாள். அட்டன் பஸ்ஸில் சிங்களப் பிள்ளைகளோடு போய்வந்து கற்ற சிங்களத்தில், நடுக்கமில்லாமல், தன் பெயரைச் சொன்னாள். எஸ்.எஸ்.சி. தேறியதைச் சொன்னாள். ஆசிரியர் கலாசாலைக்கு மனுச் செய்திருக்கிறேன், எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் பெண் ஆசிரியர் ஒருவருமில்லை, என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்க வேண்டும் என்றாள். மந்திரி அவளைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். கோட்டில் ஒட்டியிருந்த பட்டாணித் தோலைப் பார்த்தார். செபமாலை ஊற்றிக் கொடுத்த வெந்நீரை வாங்கிக்கொண்டு, ‘ஹொந்தாய், ஹொந்தாய்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ‘நல்லது, நல்லது’ என் மகளுக்கா, வெந்நீருக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, ‘பாத்தீங்களா மச்சான்? சொன்னபடி வார்த்தையப் போட்டாச்சு’ என்றார்.

‘போட்டது என் மக, மாப்பிள்ளை.’

‘அவ பேசுனது பேச்சு. நான் பக்கத்துல நின்னேன் பாருங்க, அதுதான் செல்வாக்கு.’

‘மாமா, மீசையில வெங்காயத் தோலு ஒட்டியிருக்கு’ என்றாள் நாகலெட்சுமி.

அதோடு விட்டாரா? அதற்கடுத்த ஞாயிறு செல்லசாமி கடையில் பத்திரிகையை விரித்தால், ‘மந்திரியை அவர் தங்கியிருந்த இல்லத்தில் நாம் சந்தித்தபோது நம் கண்களில் நீர் பெருகியது. நம் கண்ணீரின் காரணத்தை மந்திரி தாமே கேட்டறிந்தார். மலையகத் தொழிலாளரின் அவலத்தைச் சொல்ல வேறு சொற்கள் தேவைப்படவில்லை’ என்று இருக்கிறது. இதில் ஒரு வரியையாவது முழுப்பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். வாசித்து நிமிர்ந்தால் கடையே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

‘நமக்காக அழுதுருக்காரே அந்த மனுசன்’ என்றாள் அழகம்மா, முந்தானையால் மூக்கைச் சிந்தி. ‘எந்த நாடும் வேணாம்னு தள்ளுன நமக்கு, அழுவுறதுக்காச்சும் ஒரு ஆளு இருக்காரே.’

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். அவர் வெங்காயம் உரித்தார் என்று சொன்னால், அதைப் பார்த்தவன் அங்கே என்ன உரித்துக்கொண்டிருந்தான் என்று பேச்சியம்மா கேட்பாளே.

நேர்முகப் பரீட்சை ஆவணியில் நடந்தது. அதன்பின் பேச்சு மூச்சில்லை. தபால்காரரைக் கண்டால் நாகலெட்சுமி உள்ளே போய்விடுகிறாள். பூண்டுலோயாக்காரர் மூன்றாம் தடவையும் வந்து, இந்த முறை சன்னலை அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மீனம்மாவோ, ‘ஒங்க தங்கச்சி மாப்பிள்ளைக்கு நீங்க மரியாதை குடுக்குறதில்ல, அதான் அவரு ரெண்டாம் வார்த்தை போடல’ என்று என்னைப் படுத்துகிறாள். இந்த நிலையில்தான் எங்கள் தோட்டத்தார் கூடி, வருகிற தைப்பொங்கலுக்கு அந்தரங்கனுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று தீர்மானித்திருக்கிறார்கள். லிந்துலைப் பாலத்திலிருந்து தப்பு மேளம் அடித்து அழைத்து வருவார்களாம். ‘மலையகத்தின் மணிவிளக்கு’ என்று பட்டம் கொடுப்பார்களாம். மாலை போட்டு, வாழ்த்துப்பா இயற்றி வாசிக்கும் பொறுப்பை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள். ‘ஒங்க கொரலுக்கு அது நல்லா எடுக்கும் வாத்தியாரய்யா’ என்கிறார் செல்லசாமி.

ஐயா, தோட்டப் பாடசாலைகளின் கூரைகளைப் பற்றி நான் தங்களுக்கு எத்தனையோ கட்டுரைகள் அனுப்பினேன். ஒன்றும் வெளிவரவில்லை. ‘வாசகர் குரல்’ பகுதியில் ஒரே ஒரு தடவை என்னுடைய இரண்டு வரி வந்தது, அதிலும் ‘கூரை’ என்ற சொல்லைக் காணவில்லை. கூரை ஒழுகுவது நான் கண்ணால் கண்ட உண்மை. அதற்கு இடமில்லை. புடிங்கு திரும்பி வந்தால் அரைப் பக்கம். ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது என்னவென்றால், அந்தரங்கனுடைய பத்தியைத் தைப்பொங்கலுக்கு முன்னதாக நிறுத்திவிட வேண்டும். அவருடைய மேலிடம் எது என்பதை மக்களுக்கு ஒரு வரியிலாவது அறிவிக்க வேண்டும். காலியாகும் இடத்துக்கு மலையகத்திலேயே வாழ்கிற, சுத்தமான தமிழ் எழுதக்கூடிய, பொறாமை முதலிய குணங்கள் இல்லாத ஒருவர் தேவைப்பட்டால், அப்படி ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும்.

தங்கள் மனைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள். தங்கள் பேனாவும் தங்கள் பத்திரிகையும் நீடூழி வாழ்ந்து, பொய் அச்சேறாத ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது காண எல்லாம்வல்ல இறைவன் அருள் புரிவானாக.

இங்ஙனம்,
தங்கள் பத்திரிகையை வாரம் தவறாமல் உரக்க வாசிக்கும்,

பி.கு.: கையொப்பமிட இடம் விட்டு, மை காயட்டும் என்று வைத்திருந்த நேரத்தில் தபால்காரர் வந்தார். நாகலெட்சுமியை ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவுசெய்திருக்கிறார்கள். தை மாதம் வகுப்புத் தொடங்குகிறது. மீனம்மா சாமி படத்துக்குச் சூடம் கொளுத்திவிட்டு, அடுத்ததாகக் கணேசமூர்த்தியின் படத்துக்கும் காட்டினாள்.

‘என் மனுவுக்கும் நான் எடுத்த மார்க்குக்கும் கெடச்சதும்மா. யாரும் எந்த வார்த்தையும் போடல’ என்றாள் மகள்.

‘வாய மூடுடி. ஒங்க மாமா காதுல விழுந்தா, குடுத்த எடத்தத் திரும்பப் புடுங்கிருவாரு’ என்றாள் மீனம்மா.

என் மகள் சொன்னதே சரி என்று நான் நம்புகிறேன். நம்புகிறேனே தவிர, ஐயா, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வெந்நீர் கேட்டு வந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு உள்ளே போனார் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகையால், மேலே கேட்டுக்கொண்டபடி அந்தரங்கனைப் பொங்கலுக்கு முன் நீக்க வேண்டாம். அவள் கலாசாலையில் சேர்ந்த பிறகு நீக்கலாம். யோசித்துப் பார்த்தால், பயிற்சி இரண்டு வருடம். நடுவில் ஏதாவது தடை வரலாம். அது முடிந்து நியமனம் என்று வரும்போது மட்டக்களப்புக்கோ மன்னாருக்கோ தூக்கிப் போட்டுவிடுவார்கள், கந்தப்பளைப் பக்கமாகவாவது மாற்றியெடுக்க யாராவது ஒரு வார்த்தை போடவேண்டி வரும். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் காலூன்றியதும், அடுத்த நாளே தாங்கள் அந்த மனிதனை வேலையிலிருந்து விலக்கி, குசினி விஷயத்தை முதற் பக்கத்தில் போடலாம். அதுவரை அவருடைய பத்தியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. வாழ்த்துப்பாவில் இரண்டு பாட்டு எழுதி முடித்துவிட்டேன். மோசமாக வரவில்லை.

இப்படியாகிவிட்டதால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவதே நல்லது என்று கையில் எடுத்தேன். அப்போது சேதி கேட்டு அழகம்மா கற்கண்டோடு வந்தாள். நாகலெட்சுமியின் வாயில் போட்டு, ‘படிச்சு வந்து எங்க புள்ளைகளுக்குச் சொல்லிக் குடு தாயி’ என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

‘ரெண்டு நாட்டுக்காரவுகளும் எங்களப் பத்திப் பேசப்போறாகளாம்ல, வாத்தியாரய்யா. எங்கள இங்க வைப்பாகளா, கப்பலேத்துவாகளா? நாளைக்குக் கணேசு எழுதியிருப்பாருல்ல? அவரு என்ன எழுதுறாரோ அதப் பாத்துக்கிட்டுத்தான் நாங்க ஒரு முடிவுக்கு வரணும். நல்லா நிறுத்திப் படிங்க, என்ன.’

‘படிக்கிறேன்’ என்றேன்.

அவள் போன பிறகு இதைக் கிழிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. பேனாவை எடுத்து அடியில் என் பெயரை எழுதப் பார்த்தேன், அதற்கும் கை வரவில்லை. நெடுநேரம் யோசித்து, இதைத் திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதென்றும், கையொப்பம் இடாமலே சேர்ப்பதென்றும் தீர்மானித்திருக்கிறேன்.